வறட்சியில் ஐந்தாறு மாடுகளைக் காப்பாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் மானாவாரிக் காடும் கொஞ்சம் கொறங்காடும் (வேலி போட்டுப் பிரித்த மேய்ச்சல் காடு) வைத்துக்கொண்டு நாலு முதல் பத்து மாடுகள் வரை வளர்ப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் இடையில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் காற்றுதான் வருமே தவிர மழை பெரிதாக வராது. வாய்க்கால் பாசனம் உள்ளவர்களுக்கும் ஐம்பது மாடு வைத்துப் பண்ணை நடத்துபவர்களுக்கும் கணக்கு வேறு.

வறட்சி வந்துவிட்டது என்று எந்த நாளில் முடிவு செய்வது?

கார்த்திகை கடைசியில். "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று பெரியவர்கள் சொன்னதை நம் வட்டாரத்துக்கான வானிலை அறிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம். மார்கழியில் ஒரு புயல் வந்து நனைத்துவிட்டுப் போன ஆண்டுகளும் உண்டு. அது வந்தால் லாபம். அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. கார்த்திகை முடிந்தால் அடுத்து சித்திரை, வைகாசி கோடை மழைதான். அதுவும் ஒரு ஊருக்குப் பெய்து பக்கத்து ஊருக்குப் பொய்க்கும்.

2016-ஐ நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 440 மில்லிமீட்டர் தர வேண்டும். அந்த ஆண்டு கிடைத்தது 168 மட்டும். 62 சதவீதம் குறைவு. எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது 2017 ஜனவரி 10-இல், அதாவது மார்கழிக் கடைசியில். கார்த்திகை கடைசியிலேயே தட்டுப் போரை, அதாவது மாட்டுக்கு அடுக்கி வைத்த காய்ந்த சோளத்தட்டுக் குவியலை, அளந்து பார்த்தவருக்கு அதற்கு முன்னால் ஏறக்குறைய நாலு வாரம் கையில் இருந்தது. அந்த நாலு வாரத்தில் மாட்டு விலையும் தட்டு விலையும் எப்படி மாறின என்பது அப்போது மாடு வைத்திருந்த யாருக்கும் தெரியும்.

போரை அளப்பது என்றால்? பார்த்தாலே தெரியாதா?

பார்வைக்குப் போர் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். தட்டுக் கட்டு பத்தை அங்கங்கே உருவி, தொங்கு தராசில் எடை போட்டுச் சராசரி எடுங்கள். மொத்தக் கட்டுகளால் பெருக்குங்கள். அடியில் கறையான் அரித்தது, மேலே நனைந்து கறுத்தது இரண்டையும் கழித்துவிடுங்கள்.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். ஒரு வளர்ந்த காங்கேயம் பசு சுமார் 350 கிலோ இருக்கும். உடம்பு இளைக்காமல் நிற்க, எடையில் 2 சதவீதம் உலர்ந்த தீனி வேண்டும். காய்ந்த தட்டாகக் கணக்கிட்டால் நாளுக்கு 8 கிலோ. கிடாரிக்கு 5, கன்றுக்கு 2. ஐந்து பசு, இரண்டு கிடாரி, இரண்டு கன்று உள்ள ஒரு கட்டுத்தரைக்கு 54 கிலோ. மாடு இழுத்துப் போட்டு மிதிப்பதையும் சேர்த்தால் 60.

டிசம்பர் 15 முதல் மே 31 வரை 168 நாள். நாளுக்கு 60 கிலோ என்றால் 10 டன் வேண்டும். உங்களிடம் 6 டன் இருக்கிறது என்று வையுங்கள். அது 100 நாளுக்கு வரும். மார்ச் 24, பங்குனி பத்து வாக்கில் போர் தீர்ந்துவிடும். கோடை மழை பெய்து, புல் முளைத்து, மாடு வாய் வைக்கும் உயரத்துக்கு வர அதன்பிறகு இரண்டு மாதமாவது ஆகும். அந்த இரண்டு மாதத்துக்கு என்ன செய்வது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும்.

மாட்டை விற்றுத்தான் ஆக வேண்டுமா?

எல்லோரும் கடைசியாகக் கேட்கும் கேள்வி. முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மேலே சொன்ன அதே கட்டுத்தரையில் மார்கழி முதல் வாரத்திலேயே இரண்டு பசுக்களை விற்றுவிட்டால் நாள் செலவு 60 கிலோவிலிருந்து 42-க்கு இறங்கும். அதே 6 டன் 143 நாள் வரும். மே 6 வரை தாங்கும். மீதி 25 நாளுக்கு வேண்டியது ஒரு டன் சொச்சம். அதை வாங்கிவிடலாம்.

விற்காமல் மாசி கடைசி வரை பார்த்தால்? 90 நாளில் 5,400 கிலோ தீர்ந்திருக்கும். மிச்சம் 600. அப்போது அதே இரண்டு பசுக்களை விற்றால், நிற்கும் மாடுகளுக்கு மிச்சத் தட்டு 14 நாள் வரும். விற்ற மாடும் எலும்பெடுத்து விலை போயிருக்கும். ஆக, அதே இரண்டு மாடுதான். விற்ற நாள் மாறியதில் ஐந்து வாரத் தீனி போய்விட்டது. மாட்டின் விலையும் போய்விட்டது.

"கண்ணபுரம் சந்தை வரட்டும் பார்த்துக்கலாம்" என்பது நம் பக்கம் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சித்திரைத் தேரை ஒட்டிக் கூடும் அந்தச் சந்தை நல்ல ஆண்டில் நல்ல காளைக்கு அருமையான இடம். வறட்சி ஆண்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் மெலிந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது துண்டுக்குள் தரகர் விரல் பிடித்து விலை பேசுவது யாருக்குச் சாதகமாக இருக்கும்? பழையகோட்டையில் ஞாயிறுதோறும் சந்தை இருக்கிறது, ஈரோடு கருங்கல்பாளையத்தில் வாரச் சந்தை இருக்கிறது. மாடு தெளிவாக இருக்கும்போதே கொண்டு போங்கள். பொங்கலுக்கு முன்னால் வாங்குபவர்களும் இருப்பார்கள்.

எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது?

முதலில், மூன்று நான்கு முறை சினை ஊசி போட்டும் சினை நிற்காத மாடு. அடுத்து, பல் தேய்ந்த கிழடு. தட்டை அரைக்க முடியாமல் பாதியைத் துப்புகிற மாட்டுக்குப் போடும் தீனி வீண்தான். அதன்பின், பால் வற்றி சினையும் இல்லாமல் நிற்பது. உழவுக்கோ பூச்சிக்கோ (இனவிருத்திக் காளையாக) வைக்கப் போவதில்லை என்றால் வளர்ந்த காளைக்கன்று.

வைத்துக்கொள்ள வேண்டியவை: இளம் சினை மாடு, நல்ல தாய்வழியில் வந்த கிடாரி. மழை திரும்பியதும் மந்தை இவற்றிலிருந்துதான் மறுபடி வளரும். வறட்சி முடிந்தபின் சந்தையில் முதலில் விலை ஏறுவதும் இவைதான். அப்போது வாங்கப் போனால் இரண்டு மாடு விற்ற காசுக்கு ஒன்றுதான் வரும்.

அப்பா கையால் வாங்கிய மாடு, வீட்டுக்கு வந்த முதல் மயிலை (சாம்பல் நிறப் பசு) என்று ஒன்று எல்லாக் கட்டுத்தரையிலும் நிற்கும். அதை விற்கச் சொல்ல எனக்கு வாய் வராது. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் 8 கிலோவையும் கணக்கில் எழுதிக்கொண்டு, பதிலுக்கு வேறொன்றை விடுங்கள்.

விற்க மனமில்லை. வேறு வழி உண்டா?

வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடலாம். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் உறவுக்காரர்களிடம் ஆறு மாதத்துக்கு ஓட்டி விடுவது நம் பக்கம் பழைய வழக்கம்தான். பால் அவர்களுக்கு, ஈனும் கன்றில் பாதி உங்களுக்கு என்றோ, கன்று ஒன்று விட்டு ஒன்று என்றோ பேசிக்கொள்வார்கள். மாடு செத்தால் யார் பொறுப்பு, வைத்தியச் செலவு யாருடையது என்பதை ஓட்டி விடும் அன்றே பேசிவிட வேண்டும். மச்சான் வீடுதானே என்று விட்டுவிட்டால் பின்னால் மாடும் போய் மச்சானும் போவார்.

பி.ஏ.பி.யில் அந்த மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் முறை என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். கடைமடையில் அவர்களுக்கே பசுந்தீவனம் இல்லாத ஆண்டும் உண்டு.

வைக்கோல் எந்த மாதம் வாங்கினால் நல்லது?

தை, மாசி. டெல்டாவில் சம்பா அறுவடை அப்போதுதான். லாரி லாரியாக ரோல் வரும். பங்குனி தாண்டினால் அதே ரோலுக்கு இரண்டு கை மாறிய விலை.

ஆனால் ஒன்று. நமக்கு வடகிழக்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டில் டெல்டாவும் பெரும்பாலும் தள்ளாடும். மேட்டூர் நிலவரத்தை ஐப்பசியிலிருந்தே பார்த்துவாருங்கள். அணையில் தண்ணீர் இல்லை, மழையும் இல்லை என்றால் தை மாதம் வைக்கோல் மலியும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, கார்த்திகையிலேயே உள்ளூர்ச் சோளத்தட்டு, மக்காச்சோளத் தட்டு, கடலைக்கொடி எது கிடைத்தாலும் பேசி முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ரோல் கணக்கில் விலை பேசாதீர்கள், எடைக் கணக்கில் பேசுங்கள். இயந்திரம் கட்டிய ரோல்களில் ஒன்றுக்கொன்று சில கிலோ வித்தியாசம் வரும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ பூசண நாற்றம் அடித்தாலோ வேண்டாம்.

எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்றால், என் வரிசை இது: கடலைக்கொடி, சோளத்தட்டு, மக்காச்சோளத் தட்டு, கடைசியில் நெல் வைக்கோல். கடலைக்கொடியில் புரதம் வைக்கோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மண் ஒட்டியிருந்தால் உதறிவிட்டுப் போட வேண்டும். கரும்புத் தோகை பக்கத்தில் சும்மா கிடைத்தால் விடாதீர்கள். அதையே நாள்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து குறையும் என்பதால் தாது உப்பு தவறாமல் வைக்க வேண்டும்.

வைக்கோலில் யூரியா தெளிப்பது நல்லதா? மாடு செத்துவிடும் என்கிறார்களே?

முறையாகச் செய்தால் நல்லது. தண்ணீரில் யூரியாவைக் கலக்கி மாட்டுக்கு வைத்தால் சாகும். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறார்கள்.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். யூரியா முழுதும் கரைய வேண்டும். ஒரு கட்டி கூட அடியில் நிற்கக்கூடாது. தரையில் தார்ப்பாய் விரித்து, வைக்கோலை அரை அடி உயரத்துக்குப் பரப்பி, பூவாளியால் சீராகத் தெளித்து, மிதித்து அமுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. கடைசியில் பிளாஸ்டிக் தாளால் காற்று புகாமல் மூடி, ஓரமெல்லாம் மண் போட்டு 21 நாள் விட்டுவிடுங்கள். யூரியா அம்மோனியாவாக மாறி நாரை இளக்கும். புரதம் 3, 4 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

திறந்ததும் கண்ணை எரிக்கும் நெடி வரும். அன்றன்றைக்கு வேண்டியதை முன்தினமே எடுத்து நிழலில் உலர்த்தி, நெடி போனபின் போடுங்கள். முதல் வாரம் சாதா வைக்கோலோடு பாதிப் பாதி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது கூடாது. யூரியா மூட்டையைக் கட்டுத்தரையில் வைக்காதீர்கள். உப்பு என்று நினைத்து மாடு நக்கும்.

ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய பச்சைத் தீவனம்) போட்டால் வறட்சிப் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பாசனத் தண்ணீர் இருந்து மக்காச்சோளமோ சோளமோ பச்சையாக மிஞ்சுகிறவர்களுக்குத் தீரும். ஐந்து மாடு வைத்திருக்கும் மானாவாரிக்காரர் அதற்கென்று குழி வெட்டிச் செலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விலைக்கு வரும் ஊறுகாய்ப்புல் மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். தட்டு விலையோடு ஒப்பிடும்போது அதைக் கழித்துக் கணக்கிடுங்கள். கறவை மாடு ஒன்றிரண்டுக்குத் தினம் கொஞ்சம் என்றால் சரி.

மரத்தழையில் எது கொடுக்கலாம்?

கொறங்காட்டில் நிற்கும் வெள்வேல் மரத்தின் காய், புல் காய்ந்தபின் உதிரும். ஆட்டுக்கு உயிர் காப்பது அதுதான். மாடும் பொறுக்கித் தின்னும். புல் போனாலும் கொறங்காடு முழுதும் வெறுமையாகிவிடாமல் இருப்பதற்கு இந்த மரம்தான் காரணம். நிழலும் அதுதான். விறகுக்கு விலை நன்றாக வருகிறது என்று வறட்சி ஆண்டில் அதை வெட்டி விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறாது.

சூபாபுல் தழை நல்ல புரதம். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கிளைரிசிடியாவின் வாடை முதலில் பிடிக்காது. ஒரு நாள் வாட வைத்து, கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்துப் போட்டால் பழகிக்கொள்ளும். அகத்தி, வாகை, ஆல், பூவரசு எல்லாம் கொடுக்கலாம். மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள்; நன்றாகக் காயவைத்தால் ஆபத்து குறையும்.

சீமைக் கருவேல் காய் இனிப்பாக இருப்பதால் மாடு ஆவலாகத் தின்னும். இடித்துத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை கலக்கலாம். வேறு தீனியே இல்லாமல் அதையே வாரக்கணக்கில் தின்றால் வயிறு கல்லாகும். தாடை, நாக்கு நரம்பு கெட்டு அசைபோட முடியாமல் இளைத்துச் சாகும். இடிக்காமல் கொடுத்தால் சாணத்தோடு விதை விழுந்து இரண்டு ஆண்டில் கொறங்காடே முள்காடாகும்.

ரேஷன் அரிசி இருக்கிறது, சோறாக்கிப் போடலாமா?

மாடு பசியில் இருக்கும்போது இரக்கப்பட்டுச் செய்யும் இந்த வேலைதான் நிறைய மாட்டைக் கொல்கிறது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறும் அப்படித்தான். மாவுச்சத்து ஒரேயடியாக வயிற்றுக்குள் போனால் அமிலம் ஏறிவிடும். அசை நின்று, சாணம் புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிந்து, அடுத்த நாள் மாடு படுத்துவிடும். படுத்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை எதுவானாலும் புதிதாகத் தொடங்கினால் கால் கிலோவில் தொடங்கி பத்து நாளில் ஏற்றுங்கள். வறட்சியில் தட்டோடு சேர்த்துத் தினம் ஒரு கிலோ புண்ணாக்கு வைத்தால், அந்தத் தட்டே நன்றாகச் செரிக்கும். காசு குறைவாக இருந்தால் புண்ணாக்குக்குச் செலவழியுங்கள். அரிசி, கம்பு மாவுக்கு வேண்டாம்.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு தண்ணீர்? உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

கோடையில் வறட்டுப் பசுவுக்கே 50, 60 லிட்டர். கறவை மாடு ஒரு லிட்டர் பாலுக்கு மேற்கொண்டு மூன்று நான்கு லிட்டர் கேட்கும். மேலே சொன்ன கட்டுத்தரைக்கு நாளுக்கு 400 லிட்டர் என்று வைத்தால், 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் பன்னிரண்டு நாளுக்கு வரும். காய்ந்த தட்டு தின்னும் மாட்டுக்குத் தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும், சாணம் புழுக்கை மாதிரி இறுகும். அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்வெல்லில் உப்பு ஏறியிருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 3,000 வரை கவலையில்லை. 5,000-க்கு மேல் சினை மாட்டுக்கும் கறவைக்கும் வேண்டாம். 7,000-க்கு மேல் எந்த மாட்டுக்கும் வேண்டாம். நொய்யல் ஓரம், ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றி இருப்பவர்களுக்கு உப்பு மட்டும் பிரச்சினையல்ல. சாயக்கழிவு இறங்கிய கிணற்றை மீட்டர் கணக்கை மட்டும் நம்பி மாட்டுக்குத் திறந்துவிடாதீர்கள்.

தொட்டியை நிழலில் வையுங்கள். பாசி பிடித்தால் தேய்த்துச் சுண்ணாம்பு அடியுங்கள்.

மாடு எலும்பையும் துணியையும் கடிக்கிறது. பைத்தியமா?

பாஸ்பரஸ் பற்றாக்குறை. காய்ந்த தீனியே தின்னும் மாட்டுக்கு வரும். காட்டில் கிடக்கும் பழைய எலும்பைக் கடித்தால் அதில் இருக்கும் நச்சுக்கிருமியால் பின்னங்கால் இழுத்து, நாக்கு தொங்கிவிடும். அந்த நிலைக்குப் போனால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. செத்த மாட்டை ஆழமாகப் புதையுங்கள், மேய்ச்சல் காட்டில் கிடக்கும் எலும்பைப் பொறுக்கிவிடுங்கள். தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை வையுங்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தானுவாஸ் ஸ்மார்ட் கலவை நம் மாநிலத்து மண்ணையும் தீவனத்தையும் பார்த்துச் செய்தது. கல்லுப்பு தனியாக ஒரு பிடி.

வறட்சிக்குக் காங்கேயம்தான் சரி, கலப்பின மாடு வேண்டாம் என்பது உண்மையா?

பாதி உண்மை. காங்கேயம் குறைந்த தீனியில் உயிரோடு நிற்கும், வெயிலில் மேயும், உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் மாதா மாதம் பால் சொசைட்டிப் பணத்தில் பிள்ளை படிக்கிற வீட்டில் போய் ஜெர்சியை விற்றுவிடு என்பது வாய்ப்பேச்சு. கலப்பின மாட்டை ஒன்று, இரண்டோடு நிறுத்தி, அதற்குத் தென்னை நிழலோ பனையோலைக் கொட்டகையோ போட்டு, மத்தியானம் இரண்டு முறை உடம்பில் தண்ணீர் ஊற்றி, தீனியில் பாதிக்கு மேல் இரவில் வைத்தால் கோடையைத் தள்ளிவிடலாம்.

காங்கேயத்தில் ஒரு வசதி உண்டு. கன்று ஊட்டாமல் அது பால் சுரக்காது. தீனி இழுபறியாகும்போது மூன்று நான்கு மாதக் கன்றைப் பிரித்து, அதற்குத் தனியாகத் தவிடும் நல்ல கொடியும் வைத்தால், தாய் தானாகவே வற்றிவிடும். தாய்க்கு வேண்டிய தீனி அன்றே குறையும், உடம்பும் தேறும்.

மழை வந்துவிட்டது. இனிக் கவலையில்லைதானே?

இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும். வறட்சியைத் தாண்டி வந்த மாடுகள் முதல் மழைக்குப் பின்னான இருபது நாளில் சாவதுதான் மனதுக்குக் கஷ்டம்.

முதல் ஆபத்து சோளம். வாடி வளர்ச்சி நின்ற சோளப்பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கும் இளங்குருத்திலும் சயனைடு விஷம் ஏறியிருக்கும். மூன்று மாதமாகக் காய்ந்த தட்டையே தின்ற மாடு, பக்கத்துக் காட்டில் பச்சை தெரிந்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். பத்துப் பதினைந்து நிமிடம் மேய்ந்தாலே போதும். மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும், உடம்பு நடுங்கி விழும். கண்ணிமையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பளிச்சென்று செக்கச் செவேலென்று இருக்கும். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து மந்திரிக்க ஆள் தேடுவதற்குள் மாடு போய்விடும். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசியை மருத்துவர் நரம்பில் ஏற்றினால் பிழைக்கும். போனில் பேசும்போதே "சோளம் மேய்ந்தது" என்று சொல்லிவிடுங்கள், மருந்தோடு வருவார்.

பூ எடுக்காத சோளத்தில் மாட்டை விடாதீர்கள். அறுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்தால் சயனைடு பெருமளவு போய்விடும். யூரியா நிறையப் போட்டு வாடிய பயிரில் சேரும் நைட்ரேட் மட்டும் காய்ந்தாலும் போகாது. அப்படிப்பட்ட காட்டுத் தட்டை மற்றத் தீனியோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள்.

இரண்டாவது, வயிறு. பச்சைக்கு மாறும் முதல் இரண்டு வாரமும் காலையில் தட்டு போட்டு அரை வயிறு நிரப்பிவிட்டு அவிழ்த்துவிடுங்கள். இதற்கென்றே கடைசிப் போரில் நூறு கட்டு எடுத்து வைக்க வேண்டும். மழை வந்த சந்தோஷத்தில் மிச்சத் தட்டை விற்றுவிடுபவர்கள் உண்டு.

மூன்றாவது, தொண்டை அடைப்பானும் சப்பை நோயும். உடம்பு இளைத்த மாட்டை ஈரம் வந்ததும் இவை தாக்கும். தடுப்பூசியை மழைக்கு ஒரு மாதம் முன்னால் போட்டுவிட வேண்டும். குடற்புழு மருந்தும் அப்படியே.

கொறங்காட்டில் எப்போது மாட்டை விடலாம்?

கொழுக்கட்டைப் புல் முழங்கால் பாதி உயரமாவது வரட்டும். முளைவிட்ட உடனே விட்டால் மாடு புல்லை வேரோடு பிடுங்கும். அடுத்த மழைக்கு முளைக்க ஒன்றும் இருக்காது. கிளுவை வேலி போட்டு நாலு ஏக்கர், ஐந்து ஏக்கராகப் பிரித்து வைத்த முன்னோர்கள் ஒன்றை மேயவிட்டு மற்றதை ஆறப்போட்டார்கள். அதில் ஒன்றையாவது விதை கொட்டும் வரை பூட்டி வையுங்கள். குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு இது கஷ்டம்தான், ஒரு வருடக் குத்தகையில் அடுத்த வருடப் புல்லுக்கு யார் பொறுப்பார்கள்? குத்தகையை இரண்டு மூன்று வருடத்துக்குப் பேசினால் இரு பக்கமும் நல்லது.

கன்று ஈனும் மாதத்தை நாமே தீர்மானிக்க முடியுமா?

ஓரளவு முடியும். சினைக்காலம் சுமார் 285 நாள். தை பாதியிலிருந்து மாசி இருபதுக்குள் ஊசியோ காளையோ சேர்த்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஈனும். வயிற்றுக் கன்று வேகமாக வளரும் கடைசி இரண்டு மாதம் புரட்டாசிப் பச்சையோடு சேர்ந்துவிடும். சித்திரையில் ஈனும் மாடுதான் மானாவாரிக்காரருக்குப் பாரம். பாலும் இல்லாமல், கன்றும் இளைத்து, அடுத்த பருவத்துக்கும் வராது. விலா எலும்பு எல்லாம் எண்ணும்படி இளைத்த மாட்டுக்குப் பருவ ஊசி போடுவது வீண் செலவு. முதலில் தீனி, பிறகு ஊசி.

அரசு உதவி, கடன், காப்பீடு?

வறட்சி அறிவித்தால் உலர் தீவனக் கிடங்கு திறப்பார்கள். 2017-இல் கிலோ 2 ரூபாய்க்கு வைக்கோல் கொடுத்தார்கள். அது பட்டியைக் காப்பாற்றும் அளவுக்குக் காணாது, இடைவெளியை அடைக்க உதவும். மாட்டுக் கணக்கு கால்நடை மருந்தகத்தில் பதிவாகி, காதில் வில்லை இருந்தால் வரிசையில் அலைச்சல் குறைவு.

காப்பீடு மாடு செத்தால் மட்டும் வரும், இளைத்ததற்கு வராது. காது வில்லை விழுந்துவிட்டால் அன்றே சொல்லி மாற்றுங்கள். செத்த மாட்டுக்கு வில்லை இல்லாமல் பணம் வாங்கியவரை நான் பார்த்ததில்லை. தீவனம் வாங்க, கிசான் கடன் அட்டையில் கால்நடைப் பராமரிப்புக்கும் கடன் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் கார்த்திகையிலேயே விண்ணப்பம் கொடுங்கள், பங்குனியில் போனால் பணம் வரும்போது வைக்கோல் இருக்காது. அவசரத்துக்கு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் எண் 1962. கட்டுத்தரைத் தூணில் கரியால் எழுதி வையுங்கள். மாடு விழும் நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஆத்தாவோ பள்ளிக்கூடப் பிள்ளையோதான்.